நாலு தட்டு இடைவெளி

எங்கள் சபையில் பாட்டுப் புத்தகம் எல்லோர் கையிலும் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. மற்றவர்களுக்கு என் அக்காதான் புத்தகம். ஒவ்வொரு வரியையும் பாடுவதற்கு முன்னால் அதன் வார்த்தைகளை அவள் மைக்கில் ஒரே மூச்சில் சொல்லுவாள். கூட்டம் அதை வாங்கிக்கொண்டு பாடும். பாடி முடிக்கிற இடத்தில் அடுத்த வரியைச் சொல்லுவாள். அடி எடுத்துக் கொடுப்பது என்று இதற்குப் பெயர். கொஞ்சம் பிந்தினால் பாட்டு தள்ளாடும். முந்தினால் பழைய வரியின் வால் அடிபட்டுப் போகும். அக்கா பிந்தியதும் இல்லை, முந்தியதும் இல்லை.

சபை நடப்பது திருப்பூர் மண்ணரையில், முன்பு பனியன் துணி அடுக்கி வைத்திருந்த ஒரு நீளமான கட்டடத்தில். மேலே சிமெண்ட் ஷீட். இரண்டு பக்கமும் வேறு கம்பெனிகள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் ஓடினால் தையல் மிஷின்களின் சத்தம் ஜெபத்துக்குள் வந்துவிடும். வருகிறவர்களும் தையல், அயர்ன், பேக்கிங், சாயப்பட்டறை என்று இருப்பவர்கள்தான். எனக்குச் செக்கிங்கில் வேலை. தைத்து வரும் பனியனை மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்து அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வாய் திறக்க வேண்டிய வேலை இல்லை. அதனால் எனக்கு ஒத்துவந்தது.

அக்காவுக்கு வேஸ்ட் குடோனில் வேலை. கட்டிங்கில் விழுகிற துண்டுத் துணிகளைக் கலர் வாரியாகப் பிரித்து மூட்டை போடுகிற இடம். ஷட்டரைத் திறந்தால் வெயில் விழுகிற இடமெல்லாம் பஞ்சு மிதப்பது தெரியும். சாயங்காலம் வந்ததும் வாசலில் நின்று தலையை உதறுவாள். காலையில் போன நிறத்தில் அவள் திரும்பி வந்ததில்லை. அன்று வெள்ளைத் துணி பிரித்தாளா, சிவப்புத் துணி பிரித்தாளா என்று அவள் புருவத்தைப் பார்த்தே சொல்லலாம். மாமா இறந்த பிறகு அவள் என்னோடு வந்துவிட்டாள். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. லைன் வீட்டில் ஒரு அறை, அதில் நாங்கள் இருவர்.

பாட்டுக் குழுவில் முன்பு நால்வர் இருந்தோம். கீபோர்டுக்கு ஒரு தம்பி, ரிதம் பேடு அடிக்க ஒரு தம்பி, பாட அக்கா, தம்புரின் தட்ட நான். நான் தட்டியது தூணுக்குப் பின்னால் நின்று. கீபோர்டுத் தம்பிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. கொஞ்ச நாளில் பேடுத் தம்பியும் கல்யாணமாகி ஊரோடு போய்விட்டான். வாத்தியங்கள் அவர்களுடைய சொந்தப் பொருள், எடுத்துக்கொண்டு போனார்கள். சபைக்கு மிஞ்சியது ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு மைக். வாத்தியம் வாங்குகிற நிலையில் சபை இல்லை, வாங்கினாலும் வாசிக்க ஆள் இல்லை.

லூப் பற்றி நான் தெரிந்துகொண்டது போனில் வீடியோ பார்த்துத்தான். யாரோ ஒருவர், எங்கள் அறையைப் போன்ற சின்ன அறையில் உட்கார்ந்து, ஆள் இல்லாத சபைகளுக்கு என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஒரு தபேலா அடி, ஒரு ஷேக்கர் சத்தம், ஆர்மோனியக் கட்டையை அமுக்கிப் பிடித்தது போல நீண்டு நிற்கிற ஒரு ஓசை, இப்படிச் சின்னச் சின்னத் துண்டுகள். ஒவ்வொன்றும் முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்கி ஓடிக்கொண்டிருக்கும். பாட்டின் வேகத்தையும் சுருதியையும் வைத்துவிட்டு, கட்டிங் மேசையில் துணியை மடிப்பு மேல் மடிப்பாக விரிப்பது போல இவற்றை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட வேண்டும். செலவு ஒரு ஒயர்தான். போனில் செருகினால் அது இடது, வலது என்று இரண்டாகப் பிரியும். இடது பக்கத்தில் இசையை வைத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்துவிடலாம். வலது பக்கத்தில் தாளம் எண்ணுகிற டிக் டிக் சத்தத்தை வைத்து என் காதுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கூட்டத்துக்கு அந்த டிக் டிக் கேட்காது.

ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். யார் கண்ணிலும் படாமல் பாட்டுக்குள் இருக்கலாம். தூணைவிட ஸ்பீக்கர் அகலம்.

முதல் ஞாயிறு பாட்டு கெட்டுப்போனது. லூப் யாருக்காகவும் நிற்கவில்லை. அக்கா அடி எடுத்துக் கொடுக்க வாயைத் திறப்பதற்குள் தபேலா அடுத்த வரிக்குப் போய்விட்டது. அவள் துரத்திப் பிடித்துப் பாடினாள். புத்தகம் படிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் பாடினார்கள். பெண்கள் பக்கம் பின்வரிசை முழுவதும் கைதட்டிக்கொண்டு வாயை மூடி நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஆரம்பித்தாள். "ஏம்புள்ள, உன்ற பெட்டிக்கு எரக்கமே இல்லியா? நா வாயத் தொறக்கறதுக்குள்ள ஓடிப்போயிருது."

"அது மிசினு அக்கா. நிக்காது."

"மனுசன் அடிச்சான்னா என்ற மூஞ்சியப் பாத்து அடிப்பான். இது யாரு மூஞ்சியப் பாக்குது?"

"என்ற மூஞ்சியவுந்தான் பாக்கறதில்ல."

"உன்ற மூஞ்சிய நீ யாருக்குத்தான் காட்டியிருக்கற? தூணுக்குத்தான்."

அந்த வாரம் முழுவதும் அதோடு உட்கார்ந்தேன். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. ஒவ்வொரு வரி முடிந்ததும் நாலு தாளத் தட்டு நேரத்துக்குத் தபேலாவை எடுத்துவிட்டேன். நீண்ட ஓசை மட்டும் நிற்கும். ஷேக்கர் மெதுவாக ஓடும். அந்த நாலு தட்டு இடைவெளியில் அக்கா அடி எடுத்துக் கொடுக்கலாம், பிறகு தபேலா வந்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகும். எந்தப் பாட்டானாலும் கையால் பிடித்து ஓட்டுவதற்கு வசதியாக அந்த இடைவெளிக்குப் போனில் ஒரு தனிக் கட்டம் வைத்தேன். அதைத் தொட்டால் இடைவெளி, தொட்டுக்கொண்டே இருந்தால் இடைவெளி நீளும்.

அடுத்த ஞாயிறு பின்வரிசை பாடியது. "இப்பத்தானுங்க வார்த்த காதுல நல்லா உழுகுது" என்று ஒரு அம்மா அக்காவிடம் சொன்னார். பாஸ்டருக்குச் சந்தோஷம். "ரெண்டு சகோதரிகள வெச்சு ஆண்டவர் நமக்கு ஒரு பேண்டயே குடுத்துட்டாருங்க" என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார்கள். நான் குனிந்து ஒயரைச் சரிசெய்தேன்.

அக்காவுக்கு இருமல் அதற்கு முன்பே இருந்தது. அந்த வருடம் ஆடிக் காற்றில் அது மூச்சிரைப்பு ஆகிவிட்டது. பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று வந்தாள். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்துக் கேட்டுவிட்டு எங்கே வேலை என்றார். அக்கா சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த வேலையை விட வேண்டும் என்றார். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். அதை எடுக்கும் விதத்தை நர்ஸ் காட்டினார். "ஒரு தடவ இழுத்து நெஞ்சுல புடிச்சு வெய்யுங்க. கொஞ்சம் பொறுங்க. அப்பறம் இன்னொரு தடவ. ரெண்டும் சேந்தாத்தான் வேல செய்யும். அவசரப்படாதீங்க."

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள். "வேலைய உட்டுட்டு எங்க போயி உக்காரது? அந்தம்மா ஊட்டுலயா?"

குடோனுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை பாஸ்டர் உபவாச ஜெபம் வைத்தார். அக்கா முன்னால் போய் முழங்கால் போட்டாள். அவள் தலையில் கை வைத்து எல்லோரும் வெகுநேரம் ஜெபித்தார்கள். தீபாவளிக்குக் கம்பெனிகள் மூடினால் திருப்பூரே காலியாகிவிடும். குடோனும் மூடியது. அக்கா பொங்கலூரில் எங்கள் தாய்மாமன் வீட்டுக்குப் போனாள். தென்னந்தோப்புக்குள் வீடு. போன இடத்தில் காய்ச்சல் வந்து, கம்பெனிகள் திறந்த பிறகும் அங்கேயே இருந்தாள்.

திரும்பி வந்தபோது வேறு ஆளாக இருந்தாள். பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரே நடையாக வந்து, சட்டி கழுவிக்கொண்டிருந்த என் முதுகில் ஒரு அடி போட்டாள். இருமல் இல்லை, இரைப்பு இல்லை. அந்த ஞாயிறு, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை அவரவர் சொல்லுகிற சாட்சி நேரத்தில் எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"கர்த்தர் என்ற நெஞ்சத் தொட்டுட்டாருங்க. ஒரு படி ஏற முடியாம கெடந்தவ, இன்னிக்கு உங்க முன்னால ஓடி வந்து நிக்கறனுங்க. மருந்தத் தூக்கி எறிஞ்சுட்டனுங்க."

ஸ்தோத்திரம் என்று சபை முழுக்கச் சொன்னது. பெண்கள் அழுதார்கள். நானும் ஸ்பீக்கருக்குப் பின்னால் அழுதேன். நம்பித்தான் அழுதேன்.

அன்று அக்காவோடு குடோனில் வேலை செய்கிற ஒரு பெண் முதல் தடவையாகச் சபைக்கு வந்திருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், அக்காவைவிட வயது குறைந்தவள். அவளுக்கும் இதே இரைப்பு. அக்காதான் கூட்டிவந்திருந்தாள். சாட்சியைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறாமல் வந்தாள்.

பொங்கலூரில் பஞ்சு பறக்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவில்லை. அக்கா மறுபடி குடோனுக்குப் போகத் தொடங்கி, கார்த்திகைக் குளிரும் சேர்ந்தபோதுதான் தோன்றியது. அதற்குள் சாட்சி சொல்லியாகிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் வீட்டில் பாடிப் பார்ப்போம். ஒரு சனிக்கிழமை அக்கா அடி எடுத்துக் கொடுத்தாள், ஆனால் அந்த வரியைப் பாடவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நான் லூப்பை நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்தற? ஓட உடு" என்றாள். பிறகு, "அந்த எடவெளிய இன்னுங்கொஞ்சம் நீட்டி வெய்யி. சுருதியவும் எறக்கு."

எட்டுத் தட்டு வைத்தேன். சுருதியை இறக்கினேன். மறுவாரம் வேகத்தையும் குறைத்தேன். அதற்கு மறுவாரம், "சத்தம் வெறுமையா இருக்குது, இன்னும் ரெண்டு சேத்து உடு" என்றாள். எதற்கு என்று எனக்குப் புரிந்தது. கோரஸ் குரல் போல ஆ என்று நீளுகிற ஒரு லூப் இலவசமாகக் கிடைத்தது. அதையும் போட்டேன், வயலின் போல ஒன்றையும் போட்டேன். அக்கா மிச்சமிருக்கிற மூச்சில் வரியைச் சொல்லுவாள். சபை பாடும்போது அவள் வாயை மட்டும் அசைத்து அடுத்த வரிக்கு மூச்சுச் சேர்ப்பாள். அக்காவின் குரல் குறையக் குறையப் பாட்டு பெருத்துக்கொண்டே போனது. கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த ஒருவர், பெரிய சபையில் கேட்ட மாதிரி இருக்கிறது என்று பாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"மருந்த மறுபடி வாங்கி எடுத்துக்கலாமுல்ல அக்கா" என்று ஒருநாள் கேட்டேன்.

"எடுத்து? பக்கத்தூட்டுக்காரி பாத்தான்னா? நா மைக்குல நின்னு சொன்னது என்னாவுது?"

"கதவச் சாத்திட்டு எடு. யாரு பாக்கறா?"

"ஆண்டவரு பாக்கறாருல்ல. அவரப் பொய்யாக்கச் சொல்றியா?"

போனை எடுத்து அடுத்த பாட்டின் சுருதியை இன்னும் கொஞ்சம் இறக்கினேன்.

அந்தத் திருநெல்வேலிப் பெண் ஒருநாள் வேலை முடிந்து எங்கள் அறைக்கு வந்தாள். அக்காவுக்கு என்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தாள். சேலையெல்லாம் நீலப் பஞ்சு.

"யக்கா, ஒங்கள்ட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். நானும் அந்த மருந்த நிப்பாட்டிட்டேன்லா. ஊருக்குப் போனேம்ல, அங்கேயே கெணத்துல எறிஞ்சுட்டு வந்துட்டேன். எங்க வீட்டுக்காரரு ஏசுதாரு. நீ என்ன டாக்டரான்னு கேக்காரு. எங்க அக்காவுக்கு ஆச்சுல்லா, எனக்கும் ஆகும்னு சொல்லிட்டேன்."

பேசி முடிப்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். அக்கா பழத்தை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்திருந்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து, "தண்ணி குடி சாமி" என்றாள்.

அவள் போனதும் நான் சொன்னேன். "அவகிட்ட சொல்லீரு அக்கா."

"என்னன்னு சொல்ல? எனக்கு ஆகலைன்னா அவ ஆண்டவரையே உட்டுட்டுப் போயிருவா."

"உட்டுட்டுப் போனாலும் மூச்சு இருக்குமுல்ல."

"இப்படிப் பேசறதுக்குத்தான் நீ வாயே தொறக்கறதில்லியா" என்றாள். பழத்தைச் சுவரோரம் வைத்தாள். அந்த வாரம் முழுக்கச் சோறு சரியாக இறங்கவில்லை அவளுக்கு. சொல்லிவிடுகிறேன் என்று ஒரு தடவை சொன்னாள். ஞாயிறு கழியட்டும் என்றாள்.

அந்த ஞாயிறு எங்கள் கம்பெனியில் அவசர ஷிப்மெண்ட். செக்கிங்குக்கு ஆள் வேண்டும் என்று சூப்பர்வைசர் காலையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சபைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். லூப் ஓட்டும்போது போனுக்கு அழைப்பு வராதபடி அணைத்துவைப்பது என் வழக்கம். அன்று அது தவறிவிட்டது. இரண்டாவது பாட்டின் நடுவில் அவர் மறுபடி கூப்பிட்டார். தபேலா, கோரஸ், வயலின் எல்லாம் ஒரே வெட்டாக நின்றன. ஸ்பீக்கரில் என் போன் மணி அடித்தது. பதறிப்போய் அதை வெட்டினேன்.

மைக் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் வந்தது பாட்டு இல்லை. சைக்கிள் டியூபில் சின்ன ஓட்டை வழியாகக் காற்றுப் போவது போல ஒரு கீச்சு, நிற்பது, மறுபடி ஒரு கீச்சு. சிமெண்ட் ஷீட் முழுக்க அது நிறைந்தது. சபை பாடுவதை நிறுத்திவிட்டது. அக்கா மைக் கம்பியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தாள்.

பாஸ்டர் ஓடிவந்து அவள் தலையில் கை வைத்தார். அவர் பயந்துபோயிருந்தார் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. தெரிந்ததைச் செய்தார். எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்று கையை உயர்த்தி ஜெபித்தார்கள். காற்றுப் போகிற வழியெல்லாம் ஆட்கள். ஸ்டூலை விட்டு எழுந்து வந்து, தள்ளுங்கள் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவுக்கே கேட்கவில்லை. அக்காவின் கையிலிருந்த மைக்கை எடுத்தேன்.

"தள்ளுங்க. காத்து உடுங்க. அவளுக்கு மருந்து வேணும். யாரு கிட்டயாச்சும் அந்த இழுக்கற மருந்து இருக்குதுங்களா?"

ஸ்பீக்கரில் வந்த குரல் யாருடையதோ போல இருந்தது. கூட்டம் விலகியது. அந்தக் குடோன் பெண் மட்டும் முன்னால் வந்தாள். அவள் கை தன் பைக்குள் போய், பழக்கத்தில் தேடி, வெறுமையாக வெளியே வந்தது.

"எங்கிட்டதான் இருந்துச்சு. எறிஞ்சிட்டேம்லா" என்றாள்.

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முன் சீட்டில் பாஸ்டர் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு வந்தார். ஆக்ஸிஜன் வைத்தார்கள். நுரையீரல் ரொம்பக் கெட்டுவிட்டது, இத்தனை நாள் மருந்தில்லாமல் எப்படி விட்டீர்கள் என்று டாக்டர் என்னைக் கேட்டார். வராந்தாவில் பாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி, தண்ணீர் இல்லாமல் விழுங்கினார்.

"சுகருங்க. நெறைய வருசமா இருக்குது" என்றார். "மேடைல இதச் சொன்னதில்லீங்க."

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா கட்டிலை விட்டு எழவில்லை. இன்ஹேலரை எல்லோர் முன்னாலும் எடுத்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது. ஒரு வெயில் நேரத்தில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"சபையில நீ சொல்லீரு. எனக்குச் சொகமாகலைன்னு. மருந்த யாரும் நிறுத்த வேண்டாம்னு."

"நானா?"

"அன்னிக்கு மைக்கப் புடிச்சியில்ல."

"அது பயத்துல புடிச்சது அக்கா. நின்னு பேச எனக்கு வராது. உன்ற சாட்சிய நாஞ் சொன்னா யாரு நம்புவா?"

"அப்ப உன்ற பெட்டில புடி" என்றாள்.

போனை அவள் வாயருகே வைத்துப் பிடித்தேன். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி சொன்னாள். "எனக்குச் சொகமாகலீங்க. பொங்கலூர்ல தூசி இல்ல. அதனாலதான் நல்லா இருந்துச்சு. நா அவசரப்பட்டுச் சொல்லிட்டனுங்க. ஆண்டவரு மேல குத்தமில்ல. மருந்து எடுக்கறவங்க எடுங்க. என்னயப் பாத்து நிறுத்தினவங்க மறுபடி எடுங்க."

ஞாயிறு போடுவதற்கு முன் அதைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். சத்தம் இல்லாத இடங்களையும் இரைப்பையும் வெட்டி எடுத்து ஒட்டுவது எனக்கு நன்றாகக் கைவந்திருந்தது. வெட்டி ஒட்டிக் கேட்டால், திடமான ஒரு பெண் திடமாகப் பேசுகிறாள். அந்தப் பெண் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். வெட்டியதையெல்லாம் திரும்ப வைத்தேன்.

பாஸ்டருக்கு முதலில் இயர்போனில் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு இயர்போனைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். "சனங்க என்னங்க நெனைப்பாங்க" என்றார். பிறகு, "போடுங்க" என்றார்.

சாட்சி நேரத்தில் போட்டேன். எந்தச் சாட்சி முடிந்தாலும் ஸ்தோத்திரம் என்று சொல்வது வழக்கம். ஒருவர் ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். பக்கத்துக் கம்பெனியின் மிஷின் சத்தம் மட்டும் வந்தது. பாஸ்டரின் கை சட்டைப் பைமேல் போய் நின்றது. ஏதோ சொல்லப் போகிறார் என்று பார்த்தேன். அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் அக்கா கேட்டது ஒன்றுதான். "அவ வந்திருந்தாளா?"

வரவில்லை. குடோனில் ஓவர்டைம்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடோன் வாசலுக்குப் போனேன். அவள் தூக்குவாளியோடு வந்தாள். போனை அவள் காதில் வைத்தேன். முழுவதும் கேட்டாள். தலையில் வெள்ளைப் பஞ்சு. கண்ணீர் அதன் வழியாக இறங்கியது.

"பாவம் அக்கா. வேதனையில மனசு தளந்து போயி இப்படிச் சொல்லுதாவ" என்றாள். "அவ்வொளுக்கும் சேத்து நான் விசுவாசத்தப் பிடிச்சு நிக்கேன். நீங்க கவலப்படாதீங்க."

சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. வாசலில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். மருந்தை வாங்கிக்கொள் என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். வாங்க மாட்டாள் என்று அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது.

அக்காவிடம், "முழுக்கக் கேட்டா" என்று சொன்னேன்.

"என்ன சொன்னா?"

"அழுதா."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். "அப்ப அத அழிச்சுரு. அது ஒரு வேலைக்குத்தான். நா இப்படி மூச்சு வாங்கறது உன்ற பெட்டிக்குள்ள கெடக்க வேண்டாம்" என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன்.

தை கடைசியில் அக்கா போய்விட்டாள். காலை பத்து மணி வெயிலில், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது. கல்லறைத் தோட்டத்தில் கரண்ட் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. பாட்டு ஆரம்பித்தார்கள். முதல் வரிகள் எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்த சரணத்தை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. பல்லவியையே மண் மூடும் வரைக்கும் திரும்பத் திரும்பப் பாடினார்கள், லூப் ஓடுவது போல. குடோன் பெண்கள் லீவு போட்டு வந்திருந்தார்கள். அவளும் வந்திருந்தாள். மண்ணைக் கையில் அள்ளி, போடாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் இரைப்பு நான் நின்ற இடத்துக்குக் கேட்டது.

இப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னால்தான் உட்காருகிறேன். கோரஸையும் வயலினையும் எடுத்துவிட்டேன். பாடுவதற்குப் பாஸ்டரின் மனைவி நிற்கிறார். அவருக்கு அடி எடுத்துக் கொடுத்துப் பழக்கமில்லை, புத்தகத்தைப் பார்த்துப் பாடுவார். எட்டுத் தட்டைப் பழையபடி நாலாக்கினேன், ஆனாலும் பாட்டுகளில் அந்த இடைவெளியை நான் எடுக்கவில்லை. வரி முடிந்ததும் தபேலா விலகும். ஒன்றும் சொல்லப்படாமல் நாலு தட்டு போகும். பின்வரிசை வாயை மூடிக் காத்திருக்கும். இது எதற்கு என்று பாஸ்டரின் மனைவி ஒருநாள் கேட்டார். எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன், எடுக்கவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிறு, அப்படி ஒரு இடைவெளியில், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. இன்ஹேலரை அமுக்குகிற சத்தம். எங்கள் அறையில் எத்தனையோ தடவை கேட்டது, வேறெதுவாகவும் இருக்க முடியாது. ஸ்பீக்கர் ஓரமாக எட்டிப் பார்த்தேன். பின்வரிசையில் அந்தக் குடோன் பெண் முந்தானையை வாய்க்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சை நெஞ்சுக்குள் நிறுத்தி, கண்ணை மூடி நின்றாள்.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை இழுக்க வேண்டும். தபேலா திரும்பி வருவதற்கு இன்னும் ஒரு தட்டுதான் இருந்தது. போனில் இடைவெளிக் கட்டத்தின் மேல் விரலை வைத்து, எடுக்காமல் அழுத்திப் பிடித்தேன். பாட்டு ஏன் நிற்கிறது என்று பாஸ்டரின் மனைவி திரும்பிப் பார்த்தார். முன்வரிசையும் திரும்பியது. இரண்டாவது சத்தம் கேட்கும் வரைக்கும் நான் விரலை எடுக்கவில்லை.